இரண்டு மணி நிறுவை

3 மார்ச் 1986, திங்கள்

கோலாலம்பூரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் புது பேசிக் மொழி வந்துவிட்டது. ஒரு டேப், ஒரு தடித்த புத்தகம். கணினிப் பிரிவுக்குப் போன வருஷம் வந்த சாரதா அதை ஆபீஸ் முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிந்தாள்.

"அங்கிள், பழசவிட ரெண்டு மடங்கு வேகம் லா! உங்க புரோகிராம இதுக்கு மாத்திடலாம்."

அங்கிளாம். இவள் பிறந்தபோது நான் தராசடியில் எடை எழுதிக்கொண்டிருந்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே படித்து, நானே எழுதிய ஆயிரத்து எண்ணூறு வரி அது. எந்த ஆள் எந்த மலையில் எத்தனை கிலோ தேயிலைக் கொழுந்து எடுத்தார் என்று மாதாமாதம் சொல்கிறது. ஐந்து வருஷமாக ஒரு கிலோ பிசகவில்லை.

எஸ்டேட் மேனேஜர், பெரிய துரை, சொல்லிவிட்டார்: "செல்லையா, இரண்டையும் ஓட்டிப் பார். வேகமானது இருக்கட்டும்."

பழைய பேசிக் இந்த ஆபீஸில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஓய்வு வயது தாண்டியும் என்னை வருஷத்துக்கு வருஷம் நீட்டித்து வைத்திருப்பது அதனால்தான். புதியது வந்தால் ஜூனோடு நான் வீட்டுக்கு. இது தெரியாமலா அவள் குதிக்கிறாள்?

6 மார்ச்

புத்தகத்தைப் புரட்டினேன். எண்ணூறு பக்கம். குப்பை.

9 மார்ச், ஞாயிறு

பழையதை ஓட்டினேன், காலை எட்டு மணிக்கு. எப்போதும் ஞாயிறுதான் ஓட்டுவேன். பக்கத்தில் ஆள் இருந்தால் எனக்கு ஆகாது. நாற்பத்தேழு நிமிடம்.

12 மார்ச், புதன்

புதியது ஏற்காத வரிகளைச் சாரதா மாற்றிக் கொடுத்தாள். டேப்பை ஏற்றி முடிக்க மகாராணிக்கு மதியம் ஆகிவிட்டது. இரண்டு மணிக்கு ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம் எட்டு நிமிடம்!

இரண்டு மடங்கு வேகமாம். தூ.

கொழுந்து எடுக்கப் போன என் மனைவி வேலாயி தெப்பமாக நனைந்து வீட்டுக்கு வந்தாள். "முக்கால் மணி நேரம் தராசுகிட்ட நின்னோம், கூடைய முதுகுல வச்சுக்கிட்டு. மிசின் எடைய வாங்கவே மாட்டேங்குது. எந்தப் பாவி அதும்மேல உக்காந்திருந்தானோ!"

மழை என்றால் தாமதம்தான் என்றேன்.

13 மார்ச்

பழையதே வேகம் என்று துரையிடம் கடிதம் கொடுத்தாயிற்று. டேப்பைத் திருப்பி அனுப்பச் சொல்வார். சாரதா என் மேசைக்கு வந்தாள்.

"அங்கிள், ரெண்டையும் ஒரே நேரத்துலயா ஓட்டுனீங்க?"

"ஏம்மா, கடிகாரத்துக்குக் கிழமை தெரியுமா?"

"கடிகாரத்துக்குத் தெரியாது. மிசினுக்குத் தெரியும்."

கத்திவிட்டேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

14 மார்ச்

ஒரே கம்ப்யூட்டர். பாக்டரித் தராசடியின் இரண்டு திரைகளும் அதோடுதான் இணைந்திருக்கின்றன. இரண்டு மணி நிறுவையின்போது எல்லாரின் எடையும் அதற்குள் போகிறது. அந்த நேரத்தில் வேறு எதை ஓட்டினாலும் அதுவும் இழுக்கும், தராசும் இழுக்கும். அப்படி இணைக்கச் சொன்னவனே நான்.

எனக்குத் தெரியாதா? தெரியும். ஐந்து வருஷமும் ஞாயிறு ஓட்டி ஓட்டி — மறந்துபோச்சு. அவ்வளவுதான். மறந்துபோச்சு!

16 மார்ச், ஞாயிறு

காலை எட்டு மணி. புதியது. இருபத்தொன்பது நிமிடம்.

மறுபடி ஓட்டினேன். இருபத்தொன்பது.

பழையதை நாளை இரண்டு மணிக்கு ஓட்டிக் காட்டலாம், புதியதின் ஒரு மணி நேரம் எட்டு நிமிடத்தைவிட மோசமாக இருக்கும் என்று நிரூபிக்கலாம். ஆனால் வேலாயி வரிசையில் நிற்பாள். வேண்டாம். இதுவே போதும். யாரும் கேட்கவில்லை, கடிதம் போய்விட்டது, துரையும் நம்பிவிட்டார். பேசாமல் இருந்தால் யாருக்குத் தெரியும்?

பாவி என்றாளே.

17 மார்ச்

புதுக் கடிதம் கொடுத்தேன். துரை இரண்டையும் பார்த்தார். "அப்போ உன் கணக்கு தப்பா?"

"அளந்தது தப்பு. புரோகிராம்ல தப்பில்ல."

வெளியே வந்தால் சாரதா நிற்கிறாள். "தேங்க்ஸ், அங்கிள்."

"உனக்காகச் செய்யல. நாளைக்கு எவனாவது கண்டுபிடிச்சு வந்து என்னைக் கேக்கக் கூடாது. அதுக்குத்தான்."

அவள் சிரித்தாள். எதற்குச் சிரிப்பு?

30 மே

நீட்டிப்புக் கடிதம் வரவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை.

1 ஜூலை, செவ்வாய்

முதல் நாள், வீட்டில். இரண்டு மணிச் சங்கு ஊதியபோது கை தானாகக் கடிகாரத்துக்குப் போனது.

தராசடியின் எடைப் பதிவையும் சாரதா புதியதற்கு மாற்றிவிட்டாளாம். மாதக் கணக்கை மட்டும் ஞாயிறுதான் ஓட்டுகிறாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று முன்தினம் காலை எட்டு மணிக்கு ஆபீஸ் கதவு திறந்திருந்ததைப் பார்த்தேன். அதையாவது கற்றுக்கொண்டாளே.

வேலாயி வந்தாள். கூடையைக்கூட இன்னும் இறக்கவில்லை.

"இன்னிக்குத் தராசுல நிக்கவே இல்ல. போட்டோம், வந்தோம்."

"ஒரு நாள வச்சுப் பேசாதே" என்றேன்.

"ஆமா, இவரு பெரிய ஜட்ஜு!"

இன்று வெயில், கொழுந்தும் குறைவு. மழை நாள் ஒன்று வரட்டும். அன்றைக்கும் கேட்கிறேன்.