மூவாயிரம் மணி நேரமும் ஒரு கையெழுத்தும்

ஹார்லன் கிரீக், மிசௌரி
4 பிப்ரவரி 2019

வெர்னன் ஹாட்லி அவர்களுக்கு,

பதினாறு வருடமாக நீங்கள் சிறையிலிருந்து அனுப்பும் கிறிஸ்துமஸ் அட்டைகளுக்கு நான் ஒரு வரி பதில் போட்டதில்லை. இப்போதும் பாசம் பொங்கி எழுதவில்லை. எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

மனநலச் சமூகப் பணியாளராக உரிமம் வாங்கப் படித்துக்கொண்டிருக்கிறேன். பட்டம் மட்டும் போதாது. உரிமம் உள்ள ஒருவரின் மேற்பார்வையில் மூவாயிரம் மணி நேரம் வேலை பார்க்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால்தான் உரிம வாரியம் தேர்வு எழுத விடும். இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது மணி நேரம் முடித்துவிட்டேன். இதற்காகக் கல்யாணத்தையே இரண்டு தடவை தள்ளிப்போட்டாயிற்று.

மனைவியை அடித்ததற்காக நீதிமன்றம் அனுப்பும் ஆண்களின் குழுவைத்தான் நான் பார்த்துக்கொள்கிறேன். வியாழன்தோறும் பதினொரு பேர். அதில் ஒருவன் கூரை போடுகிறவன். பெயர் சொல்லக் கூடாது. அதோடு உங்கள் கடிதங்களைக் காவலர்கள் பிரித்துப் படிப்பார்கள். பத்து வாரமாக நாற்காலியை உதைத்தான், என்னைக் கெட்ட வார்த்தையில் ஏசினான், பக்கத்தில் உட்கார்ந்தவன் மூக்கை உடைத்தான். போன வியாழன் சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டு வந்து எல்லோருக்கும் நன்றி சொன்னான். என் மேற்பார்வையாளர் டெல்ஃபின் ப்ரூயிட் இதை முன்னேற்றம் என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நீங்கள் அம்மாவை ஏழு வருடம் அடித்து, கடைசியில் சமையலறையில் ஸ்பேனரால் மண்டையைப் பிளந்தவர். இந்த விஷயத்தில் உங்களைவிட விவரம் தெரிந்தவர் எனக்கு வேறு யாரும் இல்லை. இவனுடைய அமைதிக்கு என்ன அர்த்தம்?

கொரின் ஹாட்லி

---

11 பிப்ரவரி 2019

என் கண்ணு கொரினுக்கு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு மதியச் சோறு இறங்கவில்லை. என் அறையில் கூட இருக்கிற லூதர், "யாருய்யா, காதலியா?" என்று கேலி செய்தான். "எம் பொண்ணுடா, பெரிய படிப்பு படிக்கிறா" என்றேன். உள்ளே நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று அவனிடம் சொல்லவில்லை. நலமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போகட்டும், கேட்கிற இடத்தில் நான் இல்லை.

உன் ப்ரூயிட் அம்மாளுக்கு ஒன்றும் தெரியாது. கத்துகிற வரைக்கும் எங்களை மாதிரி ஆட்களுக்குப் பெண்டாட்டியிடம் ஏதோ வேண்டியிருக்கிறது. நான் முடிவு செய்த பிறகு கத்தவே இல்லை. சொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சரி செய்தேன். உன் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று கெளுத்தி மீன் வாங்கி வந்து நானே பொரித்தேன். அவள் சந்தோஷத்தில் அழுதாள், பாவி மகள். நம் நாயைப் பக்கத்துத் தெரு ஓடெல் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அது போன ஏக்கத்தில் நீ ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை.

உன் கூரைக்காரன் நாய் வளர்க்கிறானா என்று கேள். வளர்த்தால் அது இப்போது எங்கே என்று கேள்.

உன் அப்பா,
வெர்னன்

---

ஹார்லன் கிரீக்
22 பிப்ரவரி 2019

அப்பாவுக்கு,

நேற்றுக் கேட்டேன். இரண்டு வேட்டை நாய்கள் வைத்திருந்தானாம். இரண்டையும் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டானாம். ஏன் என்றதற்குச் சிரித்தான். "இனிமே அவளுக்கு என்னால எந்தத் தொந்தரவும் இருக்காதும்மா" என்றான்.

எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதி, கையோடு ப்ரூயிட் அம்மாவிடம் ஓடினேன். கொல்வேன் என்று சொன்னானா, ஆயுதம் பற்றிப் பேசினானா, நாள் குறித்தானா என்று வரிசையாகக் கேட்டார். இல்லை என்றேன். "சரி, தேர்வுல இதே கேள்வி வருது. முதல்ல என்ன செய்வே? போலீசைக் கூப்பிடுவியா, மனைவிக்குச் சொல்லுவியா, இல்ல அவன் சொன்னதுக்கு அர்த்தம் என்னன்னு அவன்கிட்டயே கேப்பியா?"

எங்கள் பயிற்சி வகுப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இது. விடைகளில் போலீஸ் என்று கண்டால் அது பொறி, கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போ; தெளிவான மிரட்டல் இருந்தால் தவிர, முதலில் கேட்டறிவதுதான் மதிப்பெண். நூற்றெழுபது கேள்விகளில் இந்த மாதிரி நாற்பது கேள்வியாவது வரும். அவனிடமே கேட்பேன் என்றேன். "பாஸ்!" என்று முதுகில் தட்டினார். அடுத்த வியாழன் கேட்டால் போதுமாம். சரியாகச் சொன்னதில் எனக்குப் பெருமையாக இருந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. "நான் முடிவு செய்த பிறகு" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நிமிஷத்து ஆத்திரம் என்று அல்லவா நீதிமன்றத்தில் சொன்னீர்கள்?

கொரின்

---

26 பிப்ரவரி 2019

கொரின்,

வியாழன் வரை காத்திருக்காதே. தேர்வும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். இந்தக் கடிதம் கிடைத்த நிமிஷம் அந்தப் பெண்ணுக்குப் போன் செய். நல்ல துணி, சாமான் எதையும் எடுக்காமல் வீட்டைவிட்டுப் போகச் சொல். அவன் உன்னிடம் சொல்லிவிட்டான்டி. அதற்கு மேல் எப்படிச் சொல்வான்? இங்கே போனுக்கு வரிசையில் நின்று நீ வேலை பார்க்கும் மையத்தைக் கூப்பிட்டேன். சிறையிலிருந்து வரும் அழைப்பு என்றதும் வைத்துவிட்டார்கள்.

அப்பா

---

ஹார்லன் கிரீக்
5 மார்ச் 2019

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அவன் புதன்கிழமையே முடித்துவிட்டான்.

அவள் கடைக்குப் போய்விட்டு வந்து காரிலிருந்து பைகளை இறக்கிக்கொண்டிருந்தாளாம். கூரைச் சுத்தியலால் பின்னாலிருந்து அடித்திருக்கிறான். முதல் அடியில் விழவில்லை. கையை உயர்த்தித் தடுத்திருக்கிறாள். இரண்டு கைகளிலும் எலும்பு நொறுங்கிப்போயிற்று. பிறகு தாடை. எதிர்வீட்டுக்காரி ஒன்பது வரை எண்ணினாளாம், அதற்கு மேல் முடியவில்லையாம். முடித்துவிட்டு அவன் தன் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து போலீசுக்காகக் காத்திருந்திருக்கிறான். நான் மருத்துவமனைக்குப் போனேன். முகம் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. சனிக்கிழமை இறந்துவிட்டாள். அவள் பெயர் இப்போது செய்தித்தாளிலேயே வந்துவிட்டது. மரியம் டக்கெட். முப்பத்தொரு வயது.

நேற்று ப்ரூயிட் அம்மா கதவைச் சாத்திவிட்டு என் குறிப்பை மேஜையில் வைத்தார். நாய்கள், அவன் சொன்ன வார்த்தை, மேற்பார்வையாளரிடம் தெரிவித்தேன் என்ற வரி, எல்லாம் அதில் இருக்கின்றன. இதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுது என்றார். அமைதியாக இருந்தான், முன்னேற்றம் தெரிகிறது, அவ்வளவுதான். "என் கையெழுத்து இல்லைன்னா உன் ரெண்டு வருஷமும் வெறும் காத்து, கொரின். யோசிச்சுக்கோ" என்றார். எழுதிக் கொடுத்தால் மிச்ச மணி நேரத்தையும் சேர்த்து அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறாராம். இல்லாவிட்டால் நான் இந்தத் தொழிலுக்கே லாயக்கில்லை என்று வாரியத்துக்கு எழுதுவாராம். வெள்ளிக்கிழமை வரை கெடு.

எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருக்கிறேன். செத்தவள் திரும்பி வரப் போவதில்லை. உரிமம் கிடைத்தால் இனி வருகிறவர்களையாவது காப்பாற்றலாம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். அன்றைக்கு அம்மாவுக்கு யாராவது ஒரு போன் செய்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா?

கொரின்

---

7 மார்ச் 2019

கொரின் கண்ணு,

பிழைத்திருப்பாள்.

போன் என்ன, ஆளே வந்தாள். உன் கையில் காயத்தைப் பார்த்துவிட்டு உன் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சமூகப் பணியாளர் வந்தாள். முந்தின நாள் மத்தியானம். சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். நான் குளிர்ந்த தேநீர் ஊற்றிக் கொடுத்தேன், வானிலையைப் பற்றிப் பேசினேன். உன் அம்மா முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் அவள் தோளில் கை வைத்திருந்தேன். அந்தப் பெண் உன் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், கிளம்பிப் போயிருப்பாள். ஸ்பேனர் அப்போதே சமையலறை இழுப்பறையில்தான் இருந்தது. நான்தான் வைத்தேன்.

அவள் என்ன எழுதினாள் தெரியுமா? "வீட்டில் அமைதி நிலவுகிறது, உடனடி ஆபத்து இல்லை." அந்த ஒரு காகிதத்தை என் வக்கீல் கொடி மாதிரி ஆட்டினார். முந்தின நாள் வரை அமைதியான குடும்பம், திட்டம் ஏதும் இல்லை, திடீர் ஆத்திரம் என்றார். ஜூரிகள் நம்பினார்கள். ஆயுள் முழுக்க இருக்க வேண்டியவனுக்கு இருபது வருடம். என்னை முன்கூட்டியே வெளியே விடுவதா என்று நவம்பரில் பரோல் விசாரணை. அந்தக் காகிதத்தின் நகலைப் பதினாறு வருடமாகத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

நீ எழுதிக் கொடுக்கப் போகிற காகிதத்தை அந்தக் கூரைக்காரனின் வக்கீல் எப்படிப் பிடித்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். பிறகு உன் இஷ்டம். நீ உரிமம் வாங்கப் போகிறாய் என்று இந்தச் சிறை அறை வரிசை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். வெளியே வந்ததும் உன் அலுவலகக் கதவில் உன் பெயரைப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை. ஆசைப்படத் தகுதி கிடையாது, இருந்தாலும்.

விரைவுத் தபாலில் போடுகிறேன். கெடுவுக்குள் கிடைக்க வேண்டும்.

அப்பா

---

ஹார்லன் கிரீக்
25 மார்ச் 2019

அன்புள்ள அப்பா,

கடிதம் வெள்ளிக்கிழமை மதியம் கிடைத்தது. இரண்டு தடவை வாசித்தேன். பிறகு என் குறிப்பை, எழுதியது எழுதியபடி, அரசு வழக்கறிஞரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ப்ரூயிட் அம்மா கையெழுத்துப் போடவில்லை. சொன்னபடி வாரியத்துக்கும் எழுதிவிட்டார். அங்கே விசாரணை நடக்கும். என் பக்கத்தைச் சொல்ல நான் தயார். அது நல்லபடியாக முடிந்தாலும் மூவாயிரத்தையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பக்கத்து மாவட்டத்தில் ஒரு மேற்பார்வையாளரைப் பார்த்துப் பேசியிருக்கிறேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, விசாரணை முடிந்ததும் வா என்று சொல்லியிருக்கிறார்.

இதை உங்களிடம் மறைத்து வைக்க எனக்கு மனமில்லை. உங்கள் மார்ச் 7 கடிதத்தின் நகலைப் பரோல் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். நவம்பர் விசாரணைக்கு நானும் வருவேன். அம்மாவின் மகளாகப் பேச எனக்கு உரிமை இருக்கிறது. நீங்கள் வெளியே வர வேண்டாம் என்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்.

நீங்கள் எழுதிய உண்மைக்கு நன்றி. வேறு யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இனி எனக்கு எழுத வேண்டாம்.

உங்கள் மகள்,
கொரின்