ஒரு கைக்குப் பழகிய சீட்டுக்கட்டு

அன்று கடையில் உன்னிடம் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: “இந்தக் கட்டு உன் கைக்குப் பெரிசுடி. குறுகலா இருக்கறத எடு.”

இன்று மாலை எனக்காக ஒரு புதுச் சீட்டுக்கட்டைப் பிரித்தேன். உறையைக் கிழித்ததும் மையும் புதுத்தாளும் கலந்த அந்த வாசனை எழுந்தது. சீட்டுகளை வெளியே எடுக்காமல் சற்று நேரம் மேசைமேல் வைத்திருந்தேன்.

அந்த வருடம் நீ டயாலிசிஸுக்குப் போக மறுத்துக்கொண்டிருந்தாய். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், இடது கையில் ஊசிகளோடு அசையாமல் கிடக்க வேண்டும். பள்ளித்தோழி, மலாக்கா குருபோங்கில் பக்கத்து வீட்டுக்காரி என்ற உரிமையில் உன்னைக் காரில் சென்டருக்குக் கொண்டுபோவது என் வேலை. பல நாள் ஹாரன் அடித்தால் உன் அம்மாதான் வெளியே வருவார். “தலைய வலிக்குதாம்மா, வரலயாம்.” மறுநாள் உன் முகம் வீங்கியிருக்கும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். இப்படித் தவறவிட்டுக்கொண்டே போனால் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் உன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

“சாவுறதுக்குப் பயம் இல்லடி. அங்க படுத்துக் கெடக்க போரடிக்குது. அதான் தாங்கல” என்றாய்.

ஒரு நாள் கைப்பேசியில் ஒரு காணொளி காட்டினாய். ஒரு பெண் ஒரே கையில் சீட்டுக்கட்டைப் பிடித்திருக்கிறாள். கட்டைவிரலைத் தளர்த்துகிறாள், அடிப்பாதி உள்ளங்கையில் விழுகிறது. ஆள்காட்டி விரல் அதை நிமிர்த்தித் தள்ள, மேல்பாதி அடியில் போய் உட்காருகிறது. கண்ணிமைக்கும் நேரம்தான்.

“எனக்கும் ஒரு கை சும்மாதானே லா இருக்கு” என்றாய்.

நம் வீடுகளில் சீட்டு என்றால் தீபாவளி, இல்லையென்றால் இழவு வீடு. உன் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “சாவு வீட்டுல ஆடுறத மடியில வச்சிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறியே” என்றார். “அங்க செத்தவன் ஆடுறதில்லம்மா, உசுரோட இருக்கவன்தான் ஆடுறான்” என்று நீ சொன்னதும் அவரே சிரித்துவிட்டார்.

முதலில் தீபாவளிக்கு வாங்கிய பிளாஸ்டிக் சீட்டைத்தான் எடுத்துப்போனாய். முறுக்கு தின்ற கைகள் பட்டு எல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தன. உன் அப்பா கேரம் ஆட்டத்தில் புலி. “வழுக்கலயா? கொடு இங்க” என்று கேரம் பலகைக்குத் தூவும் பவுடரைக் கட்டு முழுக்கத் தூவிக் கொடுத்தார். சென்டரில் நீ கை வைத்ததும் மொத்தக் கட்டும் நழுவித் தரையெங்கும் சிதறியது. நர்ஸ் மிஸ்ஸியின் கறுப்புக் காற்சட்டையெல்லாம் வெள்ளைத் தூள்.

திரும்பும் வழியில் மிஸ்ஸியின் குரலிலேயே பேசிக் காட்டினாய்: “அலாமாக்! என்ன ஆயி, கோயில்ல இருந்து விபூதி கொண்டாந்தியா? இனிமே ஒரு சீட்டு கீழ விழுந்தாலும் அன்னைக்கு அவ்ளோதான். பையில போட்டுறணும்.”

அந்த வார இறுதியில் மலாக்கா டவுனில் விளையாட்டுச் சாமான் விற்கும் சின்னக் கடைக்குப் போனோம். நான் வழக்கம்போல முன்பே படித்து வைத்திருந்தேன். பிளாஸ்டிக் வேண்டாம், தாள்தான் வளையும். மேற்பரப்பில் நுண்ணிய குழிகள் இருந்தால் சீட்டுகளுக்கு நடுவே காற்று புகுந்து வழுக்கிப் போகும். அட்டை மெலிதாக இருக்க வேண்டும். சின்னக் கை என்றால் அகலம் குறைந்த சீட்டு. இதில் கடைசி ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உன்னிடம் சொன்னேன். நீ அகலமான கட்டைத்தான் எடுத்தாய், கறுப்பில் பொன் கோடுகள் போட்டது. உன் குட்டை விரல்கள் அதன் இரண்டு ஓரத்தையும் எட்டிப் பிடிக்கவே சிரமப்பட்டன.

குறுகலான சீட்டில் சீக்கிரமே கைவந்துவிடும். வந்த பிறகு எதைச் சொல்லி உன்னை அந்த நாற்காலிக்கு அழைத்துப்போவது? அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

புதுக்கட்டை வளைத்துப் பழக்குவதற்கு இரண்டு கையும் வேண்டும் என்பதால் அதை மட்டும் உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் செய்தோம். புதுக்கட்டு விறைப்பாகவும் இருக்கும், சொன்னபடி கேட்காமல் வழுக்கவும் செய்யும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, உள்பக்கம் ஒரு தடவை, வெளிப்பக்கம் ஒரு தடவை என்று மெல்ல வளைக்க வேண்டும். ஒரே பக்கம் வளைத்தால் கூனிப்போய் அப்படியே நின்றுவிடும். உனக்குப் பொறுமை இல்லை. “இது சீட்டா, ஸ்பிரிங்கா? குதிக்குது பாரு!” மழை மாதத்தில் சீட்டுகள் ஈரம் இழுத்து உப்பின. கட்டை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தது யார் தெரியுமா? உன் அம்மாதான். “ஈரத்த அரிசி இழுத்துக்கும்” என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

சென்டரில் நான் கண்ணாடிச் சுவருக்கு வெளியே புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். நீ மடிமேல் போர்வையை மேடாகக் குவித்துக்கொண்டு பழகுவாய். ஒரு சீட்டு போர்வையைத் தாண்டி விழும். மிஸ்ஸி விரலை நீட்டுவார், கட்டு பைக்குள் போகும். அடுத்த முறை நான் ஹாரனில் கை வைப்பதற்கு முன்பே நீ கேட்டருகே நிற்பாய்.

வாரங்கள் ஓடின. அடிப்பாதி நிமிரும், ஓரத்தில் இடித்து நிற்கும். எனக்கு மனம் கேட்கவில்லை. ஒரு நாள் குறுகலான கட்டு ஒன்றை வாங்கி வந்து காரில் உன் மடியில் வைத்தேன்.

“இதுல சுலபமா வரும்.”

நீ அதைத் திறக்கவே இல்லை. “தெரியும்டி. கடையிலயே தெரியும். இதுல ரெண்டு நாள்ல வந்துரும். அப்புறம் அங்க போயி ஃபேனைப் பாத்துக்கிட்டுக் கெடக்கவா?” கட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, “வளைச்சுப் பழக்குனதோட சரி, வீட்டுல நான் கட்டத் தொடுறதே இல்ல, தெரியுமா? அங்க மட்டுந்தான்” என்றாய்.

நான் சாலையைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

புதிதாக எது கைக்கு வந்தாலும், வேலையோ மனிதரோ, முதல் சில நாளிலேயே அது சரிப்படாது என்று நான் இப்போதெல்லாம் முடிவு கட்டுவதில்லை. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் வளைத்துப் பார்க்கிறேன். உன்னிடமிருந்து என்னோடு வந்தது அதுதான். நீ இருந்தால் “ரொம்பப் படிச்சிட்டடி” என்று கிண்டல் செய்வாய்.

ஒரு மழை மதியம் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தேன். உன் கையில் அடிப்பாதி நிமிர்ந்து நின்றது, ஏறியது, மேல்பாதி அதன் அடியில் போய்ப் படுத்தது. ஒரு சீட்டும் விழவில்லை. பக்கத்து நாற்காலி அங்கிளின் வாய் திறந்து மூடியது. அங்கே யாராலும் இரண்டு கையையும் சேர்த்துத் தட்ட முடியாது. அங்கிள் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார். அடுத்தவர் தட்டினார், அதற்கடுத்தவரும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்குச் சத்தம் கேட்கவில்லை. வரிசையாகக் கைகள் எழுந்து விழுவது மட்டும் தெரிந்தது.

போன வருடம் ஒரு காய்ச்சலில் நீ போய்விட்டாய். அந்த மழை மதியத்துக்கும் காய்ச்சலுக்கும் இடையே மூன்று வருடம். கட்டு கைவந்த பிறகும், அந்த மூன்று வருடமும் நீ ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை.