ஆணியில் தொங்கிய தோல்வார்

1943 ஐப்பசி, புதன் இரவு. பிரிக்பீல்ட்ஸ்.

காலையில் முதல் ஆளின் கன்னத்தில் கத்தி வைத்ததுமே பிடித்து இழுத்தது. "அண்ணே, சவரம் பண்றீங்களா, பிடுங்குறீங்களா?" என்று முகத்தைச் சுளித்தார்.

கத்தி தீட்டும் தோல்வாரைப் பார்த்தேன். ஆணியில் தொங்கியது என்னுடையதல்ல, கூட்டாளி வேலுவுடையது. தீட்டும்போது அவன் கத்தியை முதுகுப் பக்கமாகப் புரட்ட மாட்டான். அவசரத்தில் கூர்ப்பக்கமாகப் புரட்டுவான். அந்த வெட்டுகள் தோல் முழுக்க இருந்தன.

சண்டை வந்து ஜப்பான்காரன் ஊரைப் பிடித்த பிறகு கடைகளில் தோல்வாரே இல்லை. ஒரு மாட்டுவண்டிக்காரரிடம் பழைய தோல் வாங்கி, ஊறவைத்து, கண்ணாடிச் சில்லால் சுரண்டி, எண்ணெய் தேய்த்து நான்தான் இரண்டு செய்தேன். "பிடிச்சத எடுத்துக்கடா" என்றேன் வேலுவிடம்.

"எதா இருந்தா என்னண்ணே, ரெண்டும் ஒரே தோல்தானே லா" என்றான்.

நேற்று செவ்வாய், கடைக்கு விடுமுறை. சாவி அவனிடம் இருந்தது. இன்று அவன் வரவில்லை. ஜப்பான்காரன் முகாமில் சவரம் செய்யப் போய்விட்டதாக எதிர்க்கடை பாய் சொன்னார். அரிசி கொடுக்கிறார்களாம். போகட்டும், வயிற்றுப்பாடு. என்னிடம் மறைத்ததைக்கூட விட்டுவிடலாம்.

ஆனால் இரண்டும் ஒரே தோல்தான் என்றவன், எதற்காக மாற்றி எடுத்துக்கொண்டு போனான்?