உறை போட்டுக் கேட்ட படம்

அன்புள்ள அம்மாடிக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்கி, நன்றாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். என் காதுதான் போய்விட்டதோ என்று கொஞ்ச நாளாக எனக்கே சந்தேகமாக இருந்தது. ஒன்றும் போகவில்லை, காது கல்லுமாதிரி இருக்கிறது என்று முந்தாநாள் நிரூபணமாகிவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். காது கெட்டிருந்தால் பரிதாபத்தையாவது சம்பாதித்திருப்பேன், இப்போது அதற்கும் வழியில்லை. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் மூன்று வாரமாக நான் கூப்பிட்டால் நீ எடுத்து, ம், சரிப்பா, அப்புறம் பேசறேன் என்று நாலு சொல்லில் வைத்துவிடுகிறாய். செய்தி அனுப்பலாம் என்றால், கட்டைவிரலால் நான் தட்டியதால் வந்த வினைதான் இவ்வளவும் என்பதால் அந்த விரலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் பேனாவை எடுத்திருக்கிறேன்.

முதலில் என் புகழை நானே கொஞ்சம் பாடிவிடுகிறேன், அப்போதுதான் விழுந்த உயரம் உனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் மின்விசிறித் தொழிற்சாலையில் பரிசோதகனாக இருந்தவன் நான். மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே, இதில் பேரிங் சரியில்லை, இதில் கம்பிச்சுற்று தளர்ந்திருக்கிறது என்று சொல்லி, ஏற்றது, திருத்தத்துக்கு, கழிவு என்று மூன்று விதச் சீட்டில் ஒன்றை ஒட்டி அனுப்புவேன். ஓய்வு பெற்ற பிறகு ஒட்டுவதற்கு விசிறி இல்லாததால் சினிமாவுக்கு ஒட்ட ஆரம்பித்தேன். நம் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் சனிக்கிழமை தோறும் என் விமர்சனம் வரும், நூற்றுக்கு இத்தனை மார்க் என்று போட்டு, கீழே சீட்டு. படத்தோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. எந்த டிவி வாங்கலாம், எந்த ஹெட்போன் நல்லது, புரொஜெக்டர் வைத்தால் சுவரில் தெளிவாகத் தெரியுமா என்று ஆளாளுக்குக் கேட்கத் தொடங்கினார்கள். நானும் தெரிந்ததற்கும் தெரியாததற்கும் ஒரே குரலில் பதில் சொன்னேன்.

என் லட்சணத்துக்கு ஒன்று சொல்கிறேன் கேள். கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர் புரொஜெக்டர் வாங்கியபோது அதைப் பொருத்திக் கொடுத்தவன் நான்தான். பெயர் ஓடும்போது எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்ததால் ஒருவரும் கவனிக்கவில்லை, படம் இடவலம் மாறி விழுந்துகொண்டிருந்தது. கதாநாயகன் இடது கையால் கையெழுத்துப் போட்டான், வில்லன் இடது கையால் சுட்டான், கல்யாணப் பெண் இடது காலை எடுத்து வைத்தாள். நான் அன்றைக்கு என்ன எழுதினேன் தெரியுமா, எல்லோரையும் இடது கைக்காரர்களாகக் காட்டியதில் இயக்குநர் ஏதோ ஆழமாகச் சொல்ல வருகிறார், மறுமுறை பார்த்தால்தான் பிடிபடும் என்று எழுதினேன். கடைப் பலகை எழுத்து புரியாததைக்கூட வேற்று நாட்டுக் கதை என்று எடுத்துக்கொண்டேன். எழுபத்தாறு மார்க், ஏற்றது. அப்போதே என்னை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து நாலு வார்த்தை கேட்டிருந்தால் இன்றைக்கு இந்தக் கதி வந்திருக்காது.

சரி, சுற்றி வளைத்தது போதும், விஷயத்துக்கு வருகிறேன். எட்டு மாதத்துக்கு முன்பு டிவிக்குக் கீழே வைக்க ஒரு சவுண்ட்பார் வாங்கினேன் இல்லையா, ஒரு முழ நீளத்தில் கறுப்பாக. அதற்கு உன் அம்மாவிடம் ஓர் உறை தைக்கச் சொன்னேன். உனக்குத்தான் தெரியுமே, நம் வீட்டில் உறை இல்லாத சாமான் நானும் அவளும்தான். ஃப்ரிட்ஜுக்கு உறை, மிக்ஸிக்கு உறை, ரிமோட்டுக்கு உறை, உறைகளை வைக்கிற பெட்டிக்கு ஓர் உறை. ஊருக்கெல்லாம் சோபா உறை தைக்கிற அவளே, துணியப் போட்டு மூடினா சத்தம் எப்படிங்க வரும் என்று கேட்டாள். நான் சிரித்தேன். செங்கல் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுச் சண்டை கேக்குது, ஒரு துணி என்னடி பண்ணும் என்று ஒரு விளக்கம் கொடுத்தேன். தூசி ஒரு துகள் போகக் கூடாது என்று அளவெடுத்து, இரண்டடுக்குத் துணி, நடுவில் பஞ்சு, முன்னாலும் மூடினாற்போல என்று நானே வரைந்தும் கொடுத்தேன். அவள் தைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்லாதே, அவள் மெஷினை மிதித்துக்கொண்டே படம் பார்ப்பவள், வசனம் கேட்டதா இல்லையா என்பதெல்லாம் அவளுக்குக் கணக்கே இல்லை.

அன்றிலிருந்து இடி கேட்கும், குண்டு வெடிப்பது கேட்கும், பாட்டின் தாளம் கேட்கும், பேச்சு மட்டும் வாய்க்குள் துணியைத் திணித்தாற்போல வரும். நான் உறையைச் சந்தேகிக்கவில்லை, இந்தக் காலத்துப் படங்களையும் செய்தி வாசிப்பவர்களையும் சந்தேகித்தேன். பேய்ப் படம் ஒன்றுக்கு, பேய்க்குத் தன்னம்பிக்கை போதவில்லை, முனகிவிட்டுப் போகிறது என்று எழுதினேன். காதல் படம் ஒன்றில் இருவரும் கடைசிவரை காதலைச் சொல்லவேயில்லை, என்ன துணிச்சலான முடிவு என்று மெச்சி எண்பத்திரண்டு மார்க் போட்டேன். நேற்று போட்டுப் பார்த்தால் மூன்று இடத்தில் சொல்லிக்கொள்கிறார்கள், ஒரு தடவை மழையில் கத்தியே சொல்கிறார்கள். இதையெல்லாம் யாரும் மறுக்காததுதான் வேடிக்கை. என் பேச்சைக் கேட்டு அதே சவுண்ட்பாரை மருந்துக்கடைக்காரர் வாங்கினார், மூன்றாம் மாடித் தலைமையாசிரியை வாங்கினார், எதிர்வீட்டுப் பல் டாக்டர் வாங்கினார். மூவரும் நம் வீட்டு உறையின் அழகைப் பார்த்து உன் அம்மாவிடமே ஆளுக்கொன்று தைத்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஆகவே நான் வசனம் கேட்கவில்லை என்று எழுதினால் மூன்று வீட்டிலிருந்தும் ஆமாம் ஆமாம் என்று சாட்சி வரும். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன்.

இந்த நிலையில்தான் உன் படம் வீட்டிலேயே பார்க்கும்படி வெளியானது. ஒலி என்று போட்டு உன் பேர் தனியாக வந்தபோது உன் அம்மா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தே நின்றாள். நானும் படத்தை நிறுத்தி அந்தப் பேரை இரண்டு முறை படித்தேன், உண்மையைச் சொல்கிறேன். ஆனால் உடனே உள்ளே இருக்கிற பரிசோதகன் விழித்துக்கொண்டான். தன் கை பட்ட விசிறிக்குத் தானே சீட்டு ஒட்டக் கூடாது என்பது எங்கள் தொழிற்சாலை விதி. மகள் கை பட்ட படத்துக்கு அது பொருந்துமா என்று யோசித்தேன். பொருந்தாது, அவள் கை வேறு என் கை வேறு என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். மகள் என்று சலுகை காட்டினால் குழுவில் சிரிப்பார்களே என்று பத்து மார்க் கூடுதலாகவே குறைத்தேன். நூற்றுக்கு முப்பத்தொன்று, கழிவு. படத்தில் எல்லாம் இருக்கிறது, ஒலிதான் இல்லை என்று ஒரு வரி. மகள் வீட்டைவிட்டுப் போன பிறகு அப்பா சாத்திய கதவை மட்டும் காட்டும் காட்சியில் பத்து நொடி ஒன்றுமே நடக்கவில்லை, வெட்டியிருக்கலாம் என்று இன்னொரு வரி. எழுதி முடித்து, என்ன நேர்மையான ஆள்டா நீ என்று என்னையே தட்டிக் கொடுத்துக்கொண்டு போய்க் குளித்தேன். நான் தலை துவட்டுவதற்குள் உன் அத்தை அதை உனக்கு அனுப்பிவிட்டாள். அவளைத் திட்ட எனக்கு வாயில்லை, எழுதினவன் நான்.

ஞாயிற்றுக்கிழமைதான் உன் அம்மா மனசைத் திறந்து சொன்னாள். இரண்டாவது படத்துக்கும் அந்த இயக்குநர் உன்னையே கூப்பிட்டிருக்கிறாராம், நீ வரும் திங்கட்கிழமை மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பழைய காப்பீட்டு அலுவலகத்துக்கே திரும்பப் போகிறாயாம். ஏன் என்று அவள் கேட்டதற்கு, ஊர்ல யாரு என்ன சொன்னாலும் பரவால்லம்மா, சத்தத்தக் கேக்கக் கத்துக் குடுத்ததே அப்பாதான், அவருக்கே ஒண்ணும் கேக்கலைன்னா அப்புறம் என்ன இருக்கு என்று சொல்லி அழுதாயாம். அதைச் சொல்லிவிட்டு உன் அம்மா என்னிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டாள். நான் என்ன செய்வேன், என் தீர்ப்பு சரி என்று நம்புகிறேன், நீ அழுவதும் பொறுக்கவில்லை. மார்க்கை ஐம்பதாக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன் பார், என் மூளை அந்த அளவில்தான் வேலை செய்தது.

முந்தாநாள் காலையில் உன் அம்மா கோபத்தில் வீட்டிலிருக்கிற உறை முழுவதையும் உருவி ஊறவைத்துவிட்டாள். நான் அது தெரியாமல் செய்தி பார்க்க டிவியைப் போட்டேன். செய்தி வாசிக்கிற பெண் என் மடியில் உட்கார்ந்து வாசித்தாற்போல ஒரு குரல் வந்தது. கையிலிருந்த தேநீர் சட்டையில் கொட்டிவிட்டது. எழுந்து குழாயடிக்குப் போனேன். வாளியில் மிதந்த உறையைப் பார்த்தேன், உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் நுரைக் கையோடு நின்று, சொன்னேனா இல்லையா என்று மட்டும் கேட்டாள். மூன்று நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மத்தியானம் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு இருவரும் உன் படத்தை மறுபடி பார்த்தோம். அம்மாடி, அந்த வீட்டுக்குள் எத்தனை சத்தம் வைத்திருக்கிறாய். குழாய் சொட்டுகிறது, அடுத்த அறையில் யாரோ செய்தித்தாளை மடிக்கிறார்கள், மேலே ஓடும் விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சின்ன டக். அது பேரிங் தேய்ந்த விசிறி, எனக்குத் தெரியாதா. போன முறை வந்திருந்தபோது மைக்குக்குக் காற்றுத் தடுக்கும் ரோமத்தொப்பி போட்டுக்கொண்டு நம் குழாயடியில் நீ குந்தியிருந்தாயே, அணில் பிடிச்சு வெச்சிருக்கியா என்று கிண்டல் செய்தேனே, அந்தக் குழாய்தான். பிறகு நான் வெட்டச் சொன்ன அந்தக் கதவுக் காட்சி வந்தது. மகள் பெட்டியோடு போகிறாள், அப்பா கதவைச் சாத்துகிறார், தாழ்ப்பாள் விழுகிறது, நம் தாழ்ப்பாள் பாதியில் விடுகிற அதே கீச்சு. பிறகு பூட்டியாயிற்றா என்று ஒரு இழுப்பு, இரண்டு, மூன்று. உன் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், மூணு தடவ இழுத்துப் பாக்கற ஆளு உலகத்துலயே ஒருத்தர்தான் என்று. நானும் சிரித்தேன். அப்புறம் கொஞ்சம் இடைவெளி விட்டு, நாலாவது இழுப்பு கேட்டது.

அது எனக்கு மட்டும் தெரிந்தது என்று நினைத்திருந்தேன். நீ இப்போதிருக்கும் ஊருக்குக் கிளம்பிய அன்று கதவைத் தாழிட்டு வழக்கம்போல மூன்று முறை இழுத்தேன். நாலாவது பூட்டியதா என்று பார்ப்பதற்கு இல்லை, திறந்துகொண்டு உன் பின்னாலேயே ஓடிவந்துவிடலாமா என்று கை தானாகப் போனது. திறக்கவில்லை. பெரிய வீரன். உன் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. ஆனால் படத்தில் அந்தச் சத்தம் கதவுக்கு வெளியே நின்று கேட்டாற்போல வருகிறது. அப்படியென்றால் நீயும் அன்றைக்குப் படி இறங்கவில்லை, வெளியே நின்றிருக்கிறாய். கேட்டிருக்கிறாய். இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்து அப்பாவுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறாய், அந்த மடையன் ஒன்றுமே நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறான். அழுதேன். சட்டையில் ஏற்கெனவே தேநீர்க் கறை இருந்ததால் பெரிதாகத் தெரியவில்லை.

நேற்று வீடு வீடாகப் போய் மூன்று உறையையும் நானே கழற்றிக்கொண்டு வந்தேன். பல் டாக்டர் ஐந்து நிமிஷம் சிரித்தார், தலைமையாசிரியை சிரிக்காமல் பார்த்தார், அதுதான் வலித்தது. குழுவில் எட்டு மாத விமர்சனத்தையும் திரும்பப் பெறுகிறேன் என்று முழுக் கதையையும் எழுதிவிட்டேன். நான் இதுவரை எழுதியதிலேயே அதிகம் பேர் ரசித்தது அதுதானாம். உன் படத்துக்குப் புது மார்க் எங்கே என்று எல்லோரும் கேட்கிறார்கள். போட முடியாது என்று சொல்லிவிட்டேன். விதி விதிதான், அதில் என் கை பட்டிருக்கிறது, நாலு முறை.

திங்கட்கிழமை அந்த இயக்குநரிடம் வருகிறேன் என்று சொல். எனக்காகச் சொல்ல வேண்டாம், எனக்குத்தான் இனிமேல் எந்தச் சத்தமும் கேட்கும். நீ கேட்டதை மற்றவர்களுக்கும் கேட்கவைக்கிறாய், அதை அலுவலக மேஜையில் பூட்டி வைக்காதே. நீ எடுத்துக்கொண்ட வேலையில் நல்ல பேரோடு, நோய்நொடி இல்லாமல், நாலு பேர் மெச்ச இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனசார வாழ்த்துகிறோம். மறந்துவிடாதே, உன் அம்மா இத்தோடு ஒரு பொட்டலம் அனுப்புகிறாள், உன் மைக்குக்கு அவளே தைத்த உறை. வாங்கி வைத்துக்கொள், நன்றாயிருக்கிறது என்று சொல், தயவுசெய்து போட்டுவிடாதே. அடுத்த முறை நீ கிளம்பும்போது, வெளியே நிற்பதாக இருந்தால் ஒரு குரல் கொடு, நான் திறந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
திருத்தத்துக்கு அனுப்பப்பட்ட
உன் அப்பா