மலைக்கு ஒரு பிளக், ஊருக்கு ஒரு பிளக்

காரின் ஸ்பார்க் பிளக்குகளை நீங்கள் போட்டுவைத்த மஞ்சள் துணிப்பையைத் திறந்தேன். பெட்ரோலும் கரியும் கலந்த வாடை குப்பென்று அடித்தது. உங்கள் சட்டையிலும் தலையணையிலும் இருந்த அதே வாடை. துவைத்து அலுத்துப்போய் எத்தனை முறை திட்டியிருப்பேன். இன்று அந்தப் பையை மூக்கருகே வைத்துக்கொண்டு, மலை அடிவாரத்தில், உங்கள் காருக்குள் இருக்கிறேன். இருப்புக் கொள்ளவில்லை. இறங்குகிறேன், ஏறுகிறேன், மறுபடி இறங்குகிறேன்.

வெள்ளிமலையில் டீச்சராக இருக்கும் நம் மகளுக்கு வளைகாப்பு முடிந்துவிட்டது. தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். "ஜீப்புல வேணாம்மா, அப்பா கார எடுத்துக்கினு வா" என்று போனில் சொல்லிவிட்டாள். அப்பா கார்! வெளியே பார்த்தால் சாதுவான வெள்ளைக் கார். உள்ளே, நீங்கள் என்ஜினைப் பிரித்துப் பந்தயக் காராக்கி வைத்த பிசாசு. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச மறந்தாலும் அதற்கு ஆயில் மாற்ற மறக்காத மனிதர் நீங்கள்.

அதற்கு எந்த பிளக் போட்டாலும் ஒரு குறை. மலையேற்றத்தில் அந்த என்ஜின் கொதிக்கும். சூட்டைச் சட்டென்று இறக்கிவிடுகிற பிளக் வேண்டும். அதையே போட்டுக்கொண்டு ஊருக்குள் ஓட்டினால் சூடு போதாமல் கரி படிந்து வண்டி நின்றுவிடும். களமருதூர் கல்யாணத்துக்குப் போகும்போது, கரும்பு டிராக்டர் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து, நடுரோட்டில் நின்றோமே! பட்டுப்புடவையோடு நான் தள்ளினேன். நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் வேகமா தள்ளுமே" என்றீர்கள். அன்று முழுக்க நான் உங்களோடு பேசவில்லை.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, சூட்டைத் தக்கவைக்கிற பிளக்கை வாங்கி மாட்டினீர்கள். ஊருக்குள் வண்டி முரண்டு பிடிக்காமல் ஓடியது. அதே பிளக்கோடு மலைக்கும் போனோம். பாதி தூரம்கூடத் தாண்டவில்லை, என்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம். ஓரங்கட்டி, ஆறவிட்டுக் கழற்றினால், பிளக் முனை வெளுத்துப் பொரிந்திருந்தது. "இன்னும் ரெண்டு வளைவு போயிருந்தா பிஸ்டனே ஓட்டையாயிருக்கும்" என்று சிரித்தீர்கள்.

அதற்குப் பிறகுதான் அந்த விநோத வழக்கம். ஊர் பிளக்கோடு அடிவாரம் வரை வருவது. அங்கே நாலு பிளக்கையும் கழற்றி மலை பிளக் மாட்டுவது. இறங்கி வந்ததும் திரும்ப மாற்றுவது. உலகத்தில் வேறு யாராவது இப்படிச் செய்வார்களா? நடுவாந்தரமாக ஒரு பிளக் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டீர்கள். "ரெண்டுங்கெட்டான் பிளக்கு எதுக்குமே?"

ஆனால் சூட்டோடு பிளக்கைக் கழற்றினால், அது திருகி உட்காரும் மரை தேய்ந்து போய்விடும். என்ஜின் ஆறியே தீர வேண்டும். வீட்டில் ஓரிடத்தில் நிலைகொள்ளாத உங்களை அந்த அடிவாரத்தில்தான் உட்காரவைக்க முடிந்தது.

"ஆறுற வரிக்கும் இன்னாமே பண்றது?"

"கொஞ்சம் உக்காருங்க. என்னாண்ட பேசுங்க."

பேசினீர்கள். மகளின் படிப்பும் கல்யாணமும் பானெட் திறந்த காருக்கு முன்னால்தான் முடிவாயின. நெஞ்சை அடைப்பதுபோல் இருக்கிறது என்று நீங்கள் முதன்முதலில் சொன்னதும் இங்கேதான். திரும்பிவிடலாம், டாக்டரைப் பார்க்கலாம் என்று மன்றாடினேன். "மலைக்குப் போயிட்டு வந்து பாத்துக்கலாம்" என்றீர்கள். வந்தும் பார்க்கவில்லை. நீங்கள் போய்விட்டீர்கள், அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

காலையில் கள்ளக்குறிச்சியில் அதே கடைக்குப் போனேன். "நடு சூட்டு பிளக்கு போட்டுக்கங்கக்கா. நிதானமா ஏறினா மலைக்கும் தாங்கும், ஊருக்கும் தாங்கும். நடுவுல மாத்தற வேலையே இல்லீங்க" என்றார் கடைக்காரர். கை நீட்ட மனம் வரவில்லை. மாற்றும் வேலை இல்லையென்றால் அடிவாரத்தில் நிற்கும் வேலையும் இல்லை. வாசல்வரை போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். மகள் பக்கத்தில் இருக்கும்போது வண்டி வழியில் நிற்கக் கூடாது. வாங்கிவிட்டேன். திட்டினால் திட்டிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து நானே மாட்டினேன். முதலில் கையால் திருகி, அப்புறம்தான் ஸ்பானர், நீங்கள் செய்கிற மாதிரியே.

நிற்கத் தேவையே இல்லாத இடத்தில் இப்போது நிறுத்தியிருக்கிறேன். கை பழக்கத்தில் பானெட்டையும் திறந்துவிட்டது. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, வண்டி மக்கர் பண்ணுதா?" என்றார்.

"இல்லீங்க. ஆறட்டும்னு நிக்கிறேன்."

மகளோடு இறங்கி வரும்போதும் இங்கே நிறுத்துவேன். அவளை உட்காரவைத்து, உடம்புக்கு எப்படி இருக்கிறது, பயமாக இருக்கிறதா என்று கேட்பேன். உங்கள் மகள்தானே, ஒன்றுமில்லை என்றுதான் ஆரம்பிப்பாள். விடமாட்டேன். எங்காவது வலிக்கிறது என்று வாயைத் திறந்தாளானால், என்ஜின் ஆறும்வரைகூடக் காத்திருக்க மாட்டேன்.