பத்தாம் வகுப்பில் நான் வாசிக்காமல் விட்ட வரி

ஸ்ரீவில்லிபுத்தூர்
ஜூன் 28, சனிக்கிழமை

அன்பு மகள் ரிஸ்வானாவுக்கு அத்தா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் அம்மாவும் அல்லாஹ்வோட கிருபையில நல்லபடியா இருக்கோம், அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் கூடவே வருது. அங்க அயர்லாந்து ஆஸ்பத்திரியில நீயும் உன் கைக்கு வர்ற நோயாளிகளும் சொகமா இருக்கணும்னு தொழுகைக்குத் தொழுகை கேட்டுக்கிட்டிருக்கேன். இங்க மேகாத்து ஆரம்பிச்சிருச்சு, மலை பூரா மூடிக் கெடக்கு, சாயங்காலமானா சாரல் வந்து வந்து போகுது. நான் வழக்கம்போல காலையில பஸ் ஏறி ராஜபாளையத்துக்கு அதே பேண்டேஜ் கம்பெனிக்குத்தான் போறேன், புதுசா ரெண்டு தறி எறக்கியிருக்காங்க, கம்ப்யூட்டர் வச்சது, மெக்கானிக்குன்னு பேரு வச்சுக்கிட்டு அதத் தொட எனக்கே பயமா இருக்கு. அம்மா அனுப்பின பருப்புப் பொடி வந்து சேந்துச்சான்னு நீ இன்னும் சொல்லல.

போன்ல சொல்லாம அத்தா எதுக்குக் கடுதாசி எழுதுறாருன்னு நீ நெனைக்கலாம். போன்ல இந்தப் பேச்ச எடுத்தா நீ சாப்பிட்டீங்களா அத்தான்னு கேட்டு மாத்திருவ, பதினாலு வருசமா அப்படித்தான் மாத்திக்கிட்டு வார, நானும் அதான் நல்லதுன்னு விட்டுட்டேன். இப்ப உன்கிட்டக் கேக்காம ஒரு காரியம் செஞ்சுட்டேன், அத முழுசா சொல்லணும். உன் கணக்கு சார் ஜெபக்குமார் உன்கிட்ட, இந்த வருசம் பத்தாவது போற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதி அனுப்பும்மான்னு கேட்டாருல்ல, நீயும் ஒரு பக்கம் எழுதி அனுப்பி, அத்தா போய் வாசிக்கட்டும் சார்னு சொன்னியே. பெருநாள் முடிஞ்ச மூணாம் நாள், செவ்வாய்க்கிழமை, கம்பெனியில அரை நாள் லீவு சொல்லிட்டு நீ படிச்ச அதே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எட்டாவதோட நின்னவன் நான், பத்தாம் வகுப்புக்குள்ள காலெடுத்து வச்சதே அன்னைக்குத்தான். நாப்பத்தேழு பிள்ளைக எந்திரிச்சு நின்னு வணக்கம் ஐயான்னு சொன்னப்ப நானும் திருப்பி வணக்கம் சொன்னேன்.

நீ எழுதினது எல்லாம் நல்லா இருந்துச்சு. புரியலன்னா அன்னைக்கே கேளுங்கன்னு எழுதியிருந்த, ராத்திரி தூங்குங்கன்னு எழுதியிருந்த, மார்க் கொறஞ்சா அந்தத் தாள மறைக்காம திரும்ப ஒரு தடவை போட்டுப் பாருங்கன்னு எழுதியிருந்த. வாசிச்சுக்கிட்டே வந்தேன். அடுத்த வரி, பத்தாவதுல நான் ஒரு நாள்கூட லீவு போட்டதில்ல, நீங்களும் போடாதீங்கன்னு இருந்துச்சு. என்னால அத வாசிக்க முடியல. ஜெபக்குமார் சாரப் பாத்தேன், அவிய ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டு நின்னாவ. அவியளுக்குத் தெரியும், அந்த வருச ரிஜிஸ்டர்ல உன் பேருக்கு நேரா பதினோரு நாள் ஆப்சென்ட் போட்டது அவிய கைதான. யாரக் காப்பாத்த நீ அந்தப் பொய்ய எழுதினன்னு எனக்கு ஒரு நிமிசம்கூட யோசிக்க வேண்டியதில்ல. தாள மடிச்சு மேசை மேல வச்சுட்டேன். அந்த வரி நெசம் இல்ல பிள்ளைகளா, என் மக பதினோரு நாள் வரல, வரவிடாம வச்சது நான்னு சொல்லிட்டேன். காலாண்டுப் பரீட்சையில கணக்குல பதினாலு மார்க் எடுத்தா, கணக்கு வராத பிள்ளைக்கு எதுக்கு நாள வீணாக்கணும்னு நானா முடிவு பண்ணி, அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம, என்கூடவே பஸ் ஏத்தி ராஜபாளையம் கூட்டிட்டுப் போய், பேண்டேஜ் சுருளுக்குப் பேப்பர் சுத்த உக்கார வச்சேன், வீட்ல காசு கஷ்டம்னு இல்ல, எனக்கு அவமானமா இருந்துச்சு, அம்புட்டுதான் காரணம்னு சொன்னேன். பன்னெண்டாம் நாள் காலையில அவ பள்ளிக்கூட யூனிபார்ம் போட்டுக்கிட்டு என்கூட பஸ் ஸ்டாப்புக்கு வந்தா, ராஜபாளையம் பஸ் வந்துச்சு, நான் ஏறிட்டேன், அவ ஏறல, பஸ் கெளம்பினப்ப திரும்பிப் பாத்தா இந்தப் பள்ளிக்கூடத்தப் பாக்க நடந்து போய்க்கிட்டிருந்தா, எறங்கிப் போய் இழுத்துட்டு வரவும் எனக்குத் தைரியம் இல்லன்னு சொன்னேன்.

ஒரு பிள்ளைகூடச் சிரிக்கல. மூணாவது பெஞ்சுல இருந்து ஒருத்தி எந்திரிச்சா, பேரு இசக்கியம்மாளாம், அன்னைக்குச் சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்தப்ப நீங்க என்ன சொன்னீங்கன்னு கேட்டா. ஒண்ணும் சொல்லலம்மான்னேன். இதுவரைக்குமான்னு கேட்டா. ஆமான்னேன். அக்கா தூரமா இருக்காங்க, எழுதியாவது போட்டுருங்க ஐயான்னு சொல்லிட்டு உக்காந்துட்டா. பதினஞ்சு வயசுப் பிள்ளை, குரல்ல கோபமும் இல்ல கேலியும் இல்ல. அதனாலதான் மகளே இந்தக் கடுதாசி. நான் செஞ்சது தப்பு. உன் தலையெழுத்த என் கையில எடுத்துக்கிட்டேன், நீ அதத் திருப்பி வாங்கிக்கிட்டப்ப உன்ன மெச்சி ஒரு வார்த்தை சொல்லாம விட்டது அதவிடப் பெரிய தப்பு. என்னை மன்னிச்சிரு.

பொறவு ஜெபக்குமார் சார் பிள்ளைகளப் பாத்து, இப்ப நீங்க எழுதுங்க, பத்தாவது ஆரம்பிக்கிறவளுக்கு நீங்க என்ன சொல்வீங்க, பேரு போட வேண்டாம்னு சொல்லி அரைத் தாள் குடுத்தாவ. நானும் அவியளும் டீ குடிச்சுக்கிட்டே அத ஒவ்வொண்ணா வாசிச்சோம். ரிஸ்வானா, அந்தப் பிள்ளைகளுக்கு எம்புட்டுத் தெரிஞ்சிருக்கு. ஒருத்தி, புரியலங்கிறத ஜூன் மாசமே சொல்லிரு, டிசம்பர்ல சொல்ல வெக்கமா இருக்கும்னு எழுதியிருக்கா. இன்னொருத்தி, பக்கத்துல இருக்கிறவகிட்ட எத்தனை பாடம் முடிச்சன்னு கேக்காதே, சாப்பிட்டியான்னு கேளுன்னு எழுதியிருக்கா. ஒரு தாள்ல, படிக்கும்போது அம்மா பாக்குற டிவி சத்தத்தக் கொறைக்கச் சொல்லாதே, நாள் பூரா வேலை பாத்துட்டு அவங்களுக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான், நீ மாடிக்குப் போயிருன்னு இருந்துச்சு. நாங்க பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப் போனோம்னு நெனச்சா எனக்கே கூச்சமா இருந்துச்சு. அப்பத்தான் அந்தத் தாள் வந்துச்சு. வியாழக்கிழமைக்குப் பொறவு என் எடத்துல யாரு உக்காந்தாலும், அங்க மத்தியானம் வெயில் அடிக்கும், புஸ்தகத்த ஜன்னல்ல சாத்தி வச்சுக்கச் சொல்லுங்கன்னு எழுதியிருந்துச்சு. அம்புட்டுதான் இருந்துச்சு. சார் அத ரெண்டு தடவை வாசிச்சாவ. ஜன்னலோரம் வெயில் படுற எடம் வகுப்புல ஒண்ணுதான், அது சுந்தரபாண்டியத்துப் பிள்ளை மாரிசெல்வி எடம்னு சொன்னாவ, அவிய மொகமே மாறிப்போச்சு.

மறுநாள் சாயங்காலம் சாரும் நானும் சுந்தரபாண்டியம் போனோம். நீ எதுக்குப் போனீங்கன்னு கேப்ப, எனக்கும் தெரியல, வீட்டுக்குப் போக மனசு வரல. மாரிசெல்வியோட அம்மா அழகுத்தாய், பைக் மோதி இடுப்பு எலும்பும் தொடையும் முறிஞ்சு, பிளேட் வச்சு, மூணு மாசத்துக்குக் கட்டில விட்டு எறங்கக் கூடாதாம். வீட்டுக்காரர் எறந்து நாலு வருசம் ஆச்சு, கூடப் பொறந்தவங்க யாரும் பக்கத்துல இல்ல. பெரிய லீவுல பிள்ளை பாத்துக்கிட்டா, பள்ளிக்கூடம் தெறந்த பொறவு விட்டு விட்டு வந்தா, இனி அதுவும் முடியாதுன்னு அவளே முடிவு பண்ணிட்டா. ஒரு வருசம்தான சார், அடுத்த வருசம் சேந்துக்கிடுவாள்லன்னு அந்தம்மா சொன்னாங்க. அப்படி நின்ன பிள்ளைக திரும்பி வந்து நான் பாத்ததில்லம்மான்னு சார் சொன்னாவ. அதுக்கு அழகுத்தாய், நான் வேண்டாம்னா சொல்லுதேன் சார், என்னைய ஒண்ணுக்குத் தூக்கிட்டுப் போக யாரு இருக்கா, நீங்க சொல்லுங்கன்னு கேட்டாங்க. வாசல்ல மாரிசெல்வி தலைய நிமித்தாம ஈரத்துணி காயப்போட்டுக்கிட்டிருந்தா. நானும் சாரும் பஸ் ஏறித் திரும்பிட்டோம்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு வெளிய வாரேன், சார் போன் பண்ணினாவ, மாரிசெல்வி வகுப்புல உக்காந்திருக்கான்னு சொன்னாவ. நான் நம்பல. நடந்தது என்னன்னா, நாங்க போன அன்னைக்கே எங்களுக்கு முன்னால இசக்கியம்மாளும் அந்த ஊர்ப் பிள்ளைக நாலு பேரும் போயிருக்காளுக. வியாழக்கிழமைன்னு தாள்ல எழுதினத பக்கத்துல இருந்து இசக்கி பாத்திருக்கா. அந்த அஞ்சு பேரு வீட்டு அம்மாமார்களும் கம்பெனியில இருந்து துணி வாங்கிட்டு வந்து வீட்ல வச்சு பேண்டேஜ் மடிக்கிறவங்க. இந்த அஞ்சு பேரும் அவங்கவங்க அம்மாகிட்டப் போய், வாரத்துல ஒரு நாள் அந்தத் துணிக்கட்ட மாரிசெல்வி வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் அங்க உக்காந்து மடிங்க, அந்தம்மாவப் பாத்துக்கங்க, அன்னைக்கு நம்ம வீட்டுத் தண்ணி எடுக்கிறது, பாத்திரம், துணி எல்லாம் நான் வந்து செஞ்சுக்கிடுதேன்னு கேட்டிருக்காளுக. ஒரு அம்மா சம்மதிக்கலையாம், அவ மக ரெண்டு நாள் சொல்லாமலே எல்லா வேலையும் செஞ்சு முடிச்சிட்டு, இப்பப் போறீங்களான்னு கேட்டாளாம். திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் அஞ்சு அம்மா, அஞ்சு நாள். நானும் சாரும் பெரிய மனுசங்க ரெண்டு பேரு பதில் இல்லாம பஸ் ஏறின கேள்விக்கு இதுக அரைத் தாள்ல கட்டம் போட்டு விடை எழுதிருச்சுக. அந்தக் கட்டத்த நான் பாத்தேன், அழகுத்தாய் தலைமாட்டுல சோத்துப் பருக்கையால ஒட்டி வச்சிருக்காளுக. அதையே பாத்துக்கிட்டு நின்னுட்டேன். நாப்பது தறி ஒண்ணா ஓடுறத முதல் முதல்ல பாத்த அன்னைக்குக்கூட நான் அப்படி நின்னதில்ல.

எல்லாம் சுளுவா நடக்குதுன்னு நெனைக்காதே. போன வாரம் செவ்வாய்க்கிழமைக்கார அம்மாவுக்குக் காய்ச்சல் வந்துருச்சு. சார் எனக்குப் போன் பண்ண, உன் அம்மா என்கிட்டக்கூடக் கேக்கல, முழங்காலுக்குத் துணியச் சுத்திக்கிட்டு நான் போறேன்னு கெளம்பிட்டா, நானும் கூடப் போனேன். ரெண்டு பொம்பளைகளும் முன்னப்பின்ன தெரியாதவங்க, மத்தியானத்துக்குள்ள நாப்பது வருசப் பழக்கம் மாதிரி பேச ஆரம்பிச்சிட்டாங்க. நாலரை மணிக்கு மாரிசெல்வி வந்தா. எனக்குத் தண்ணி குடுத்துட்டு, உங்க மக நர்ஸா ஐயான்னு கேட்டா. ஆமான்னதும் நோட்ட எடுத்துட்டு வந்து உக்காந்துட்டா. அம்மாவத் தூக்கும்போது இவளுக்கு முதுகு பிடிச்சுக்கிடுதாம், பிடிக்காம எப்படித் தூக்கணும், படுத்தே கெடந்தா முதுகுல புண்ணு வருமே, எத்தனை மணிக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கணும், கால எப்ப ஊனலாம், ஊனும்போது எந்தப் பக்கம் நின்னு பிடிக்கணும். ஒன்பது கேள்வி நம்பர் போட்டு எழுதியிருக்கா, ஒவ்வொண்ணுக்கும் கீழ பதில் எழுத எடம் விட்டிருக்கா. டாக்டர் சொன்னத ஒரு பக்கத்துல எழுதி, அவங்க சொல்லாம விட்டத இன்னொரு பக்கத்துல எழுதியிருக்கா. அந்தத் தாள இந்தக் கடுதாசியோட வச்சிருக்கேன். படம் வரைஞ்சு அனுப்பச் சொன்னா. எனக்குப் பதில் எழுத ஒண்ணும் அவசரம் இல்ல மகளே, நான் சொன்னத நீ ஏத்துக்கிட்டாலும் சரி, ஏத்துக்க இன்னும் நாளானாலும் சரி. அவளுக்கு மட்டும் உடனே எழுதிரு, அவ காத்துக்கிட்டிருக்கா.

வேலைக்குப் போகும்போது கழுத்துக்குக் கம்பளி சுத்திக்கோ, ராத்திரி டியூட்டி முடிஞ்சா தனியா நடந்து வராதே, அம்மா சொல்லச் சொன்னா. பருப்புப் பொடி வந்துச்சான்னும் கேட்டா. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும், கைராசியும், மன நிம்மதியும் தரட்டும், உன் கை பட்ட ஒவ்வொருத்தரும் எழுந்து நடக்கட்டும்.

உன்ன நெனச்சு எந்நாளும் துஆ செய்யும்
உன் அத்தா
அபுபக்கர்