விமானத்தில் எட்டாவது ஆள்

முட்டம்,
திருவருகைக் காலம், இரண்டாம் வாரம், செவ்வாய்.

அன்பு மகள் லிஜாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகனும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவிடம் வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரி எழுத வேண்டும். கை வரவில்லை, விட்டுவிட்டேன்.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போன் உன் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. குளிக்கப் போனால்கூடக் கிணற்றுச் சுவரில் வைத்துக்கொண்டு, தலையில் தண்ணீர் ஊற்றும்போதும் ஒரு கண்ணை அதன்மேல் வைத்திருக்கிறார். மணி அடித்த உடனே எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, உன் தம்பி பெயரைச் சொல்லி, சஜினா என்று கேட்கிறார். கேஸ் சிலிண்டர்க்காரன் கூப்பிட்டாலும் சஜினா என்றுதான். அந்தப் போனில் உன்னிடம் நான் எதைப் பேச? அடுத்த வீட்டுச் சபிதா லீவு முடிந்து வெள்ளிக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறாள். அவள் கையில் கொடுத்தனுப்பலாம் என்று அடுக்களையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் கறி அடிப்பிடித்தால் இரண்டு வரி விட்டுப்போகும், பொறுத்துக்கொள்.

தம்பி போன மீன்பிடிப் போட்டு கடலில் உடைந்த சமயம் உனக்கு லீவு கிடைக்கவில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நீ பார்க்காத சிலதை உனக்குச் சொல்ல வேண்டும். அவனோடு போய்த் தப்பி வந்த கூட்டாளிப் பையன் ஒருநாள் நம் வீட்டுக்கு வந்தான். ஐஸ் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு அவனும் நம் பிள்ளையும் ஓர் இராத்திரி முழுக்க மிதந்தார்கள் என்றும், விடிகிற நேரத்தில் ஒரு பெரிய அலை வந்தது என்றும், அதற்குப் பிறகு பக்கத்தில் சஜினைக் காணவில்லை என்றும் சொல்லி, அந்தப் பயல் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். உன் அப்பா அழவில்லை. கடலில் நீரோட்டம், அந்த நீவாடு, எந்தப் பக்கம் ஓடியது என்று மட்டும் கேட்டார். தெற்கே என்றான். சரி என்று எழுந்து போய்விட்டார்.

அந்த நாட்களில் தேடுகிற விமானம் லைட் அவுசுக்கு மேலே போகும்போதெல்லாம் ஊரே பாறைமேல் ஏறி நின்று அண்ணாந்து பார்க்கும். பிறகு விமானம் வருவது நின்றுபோனது. நின்ற மறுநாள் உன் அப்பா சஜினின் அலமாரியைத் திறந்து அந்தப் பெட்டியை எடுத்தார்.

எந்தப் பெட்டி என்று உனக்குத் தெரியும். போன ஈஸ்டருக்கு அவன் ஆன்லைனில் வரவழைத்தானே, உலகப் போரில் பறந்த பழைய போர் விமானம், தண்ணீரிலேயே இறங்கித் தண்ணீரிலிருந்தே ஏறுமே, துண்டு துண்டாக வந்து நாமே ஒட்டுகிற அதன் பொம்மைதான். ஏர்ஃபோர்ஸில் எடுக்கவில்லை என்ற ஏக்கத்தை இப்படிப் பிளாஸ்டிக் ஒட்டித் தீர்த்துக்கொண்டான் என் பிள்ளை. கடலுக்குப் போகும் முன்பு உள்ளே இருக்கிற இருக்கைகளையும் ஓர் இறக்கையையும் ஒட்டி முடித்திருந்தான். போயிட்டு வந்து மீதியை ஒட்டுவேன், அப்பா தொடாதேங்க என்று சொல்லிவிட்டுத்தான் குளச்சலுக்குப் போனான். கூடவே ஒரு கதையும் சொன்னான். இந்த மாதிரி விமானம் குண்டு போட மட்டும் போகாதாம், கடலில் விழுந்து மிதக்கிற ஆட்களைத் தேடிக் கண்டுபிடித்து, பக்கத்திலேயே இறங்கி, பக்கவாட்டுக் கண்ணாடியைத் திறந்து உள்ளே தூக்கிப் போட்டுக்கொள்ளுமாம். அதன் அடிவயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, ஏலே, இது நம்ம வள்ளமாக்கும், றெக்கை வச்சிருக்கானுவ என்று அப்பா சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

இப்போது அந்த மனுஷன் வேறு வேலையே பார்ப்பதில்லை. இந்த மாதத்தில் கோவில் கோவிலாகப் போய்க் கிறிஸ்மஸ் குடில் சொரூபங்களுக்கு வர்ணம் பூசுகிறவர், இந்த வருடம் யார் கூப்பிட்டாலும் போகவில்லை. நம் கோவில் சூசையப்பர் மூக்கில் சுண்ணாம்பு உதிர்ந்து அப்படியே நிற்கிறார். இவர் முன்னறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒவ்வொரு உறுப்பாக நறுக்கி எடுத்து, நகம்வெட்டியால் ஓரம் சீவி, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிறார். விமானத்தின் வயிறு இரண்டு பாதியாக வருகிறது. ஒட்டிவிட்டு வலை நூலால் சுற்றிக் கட்டி, இரவெல்லாம் காய வைத்தார். சந்து தெரிந்த இடத்தில் வள்ளத்துக்கு அடைப்பதுபோல் அடைத்தார். பெட்டியோடு வந்த வர்ணம் பிடிக்கவில்லை. மாதாவின் மேலங்கிக்கு வைத்திருந்த நீலத்தில் கொஞ்சம் கறுப்பைச் சேர்த்துப் பூசினார். நல்லாத்தான் இருக்கிறது, பொய் சொல்லக்கூடாது.

ஆனால் பிரஷர் மாத்திரை போடுவதில்லை. கஞ்சி வைத்தால் ஆடை படிந்து கிடக்கிறது. பங்குச் சாமியார் வந்து, கிறிஸ்மசுக்கு முன்பு சஜினுக்காக ஒரு நினைவுப் பூசை வைத்துவிடலாமே என்று பதமாகச் சொன்னார். இவர் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் விமானத்துக்கு விசிறி மாட்டிக்கொண்டிருந்தார். சாமியார் கட்டன் சாயாவைக் குடித்துவிட்டுப் போனார்.

இனி உன்மேல் எனக்குள்ள கோபத்தைச் சொல்கிறேன். போன வாரம் போனில் அவரிடம் நீ என்ன சொன்னாய்? முடிச்சு வைங்கப்பா, தம்பி வந்தா சந்தோஷப்படுவான் என்றாய். ஆறுதலுக்குச் சொன்னாய், எனக்குப் புரிகிறது. அவர் அதைப் பிடித்த பிடியை விடவில்லை. விமானம் முடிகிற அன்று அவனைத் தேடிக் கடலுக்குப் போகப் போகிறார். என்னிடம் சொல்லவில்லை. உன் மாமன் ஜான்ரோஸிடம் பைபர் வள்ளத்தைக் கேட்டிருக்கிறார், இது முடியட்டும், முடிஞ்ச மறுநாள் தெக்க போறேன் என்று. மாட்டேன் என்று சொல்லத் தைரியம் இல்லாமல் ஜான்ரோஸ் என்னிடம் வந்து கண்ணைக் கசக்குகிறான். நெஞ்சில் குழாய் வைத்த மனுஷன். தோள் விட்டுப்போய்த் துடுப்பைத் தொட்டு எத்தனையோ வருடம் ஆயிற்று. தெற்கே என்ன இருக்கிறது? வெறும் கடல்தான் இருக்கிறது. ஒன்றைக் கொடுத்துவிட்டு நிற்கிற எனக்கு இன்னொன்றையும் கொடுக்கத் தெம்பு இல்லை, மக்கா.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். விமானத்தில் உட்கார ஏழு ஆட்கள் பெட்டியோடு வந்திருக்கிறார்கள், ஒவ்வொருத்தனும் என் சுண்டுவிரலில் பாதி. அதில் ஒருத்தனை எடுத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டேன். ஆள் குறைந்தால் விமானம் முடியாதே.

புதன்.

நேற்று பாதியில் நிறுத்தினேன், அவர் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார்.

இன்று காலையில் அந்த ஆறு பேருக்கும் வர்ணம் முடிந்தது. உனக்கு ஒன்று சொன்னால் சிரிப்பாய். சண்டைக்குப் போகிற ஆறு வெள்ளைக்காரனுக்கும் கன்னத்தில் ரோஸ் பூசி வைத்திருக்கிறார். தலையில் இரும்புத் தொப்பியும் இடுப்பில் வாரும் இல்லை என்றால் வானத்துச் சம்மனசு என்றே நினைப்பாய். ஒற்றை மயிர் நிற்கிற பிரஷால் கண் எழுதினார். அதைப் பார்த்துத்தான் ஜான்ரோஸ் வாயைக் கொடுத்தான். என்ன அத்தான், வண்டி ஓட்டுறவன் முன்னாடியில்லா பாக்கணும், எல்லாரும் தரையப் பாக்கானுவ என்றான்.

உண்மைதான் லிஜா. ஆறு பேரும் தலை நிமிர்ந்து இருக்கிறார்கள், கண் மட்டும் கீழே. எனக்கு உடனே புரிந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் இந்த மனுஷன் இடையர்களுக்கும் ராஜாக்களுக்கும் கண் எழுதியவர். அவர்கள் எல்லோரும் வைக்கோலில் கிடக்கிற பாலனைப் பார்க்க வேண்டியவர்கள். அந்தப் பார்வையைத் தவிர வேறு பார்வை எழுத அவர் கைக்குத் தெரியாது. தவறிப்போய் எழுதிவிட்டார். அவரும் அப்போதுதான் கவனித்தார்போல. ஒவ்வொருத்தனையும் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழித்து எழுதுவார் என்று நினைத்தேன். அப்பிடியே இருக்கட்டும், கீழ பாத்தாத்தானே தெரியும் என்று சொல்லிப் பசை வைத்து ஒவ்வொருத்தனாக உள்ளே உட்கார வைத்தார். ஜான்ரோஸ் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டான். நான் அடுக்களைக்கு வந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

ஏழாவது ஆளை அவர் தேடவே இல்லை. கட்டிலுக்கடியில் குனிந்து பார்ப்பார், என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். மத்தியானம் சோறு போடும்போது, அரிசி களையும்போது பாத்துக் களை பிலோமி, அவன் கை ஒடிஞ்சிரும் என்றார். எனக்கு மானமே போய்விட்டது. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எடுத்துக் கழுவிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு குழாய் ஒழுகலுக்கு வாங்கி வைத்த எம்சீல் பசையை எடுத்துப் பிசைய ஆரம்பித்தார். எதற்கு என்று கேட்டேன். விரலில் தண்ணீர் தொட்டுத் தொட்டு உருட்டிக்கொண்டிருந்தார்.

வியாழன், சாயங்காலம்.

லிஜா, இதைக் கவனமாக வாசி.

எம்சீலில் அவர் ஓர் ஆளைச் செய்திருக்கிறார். எட்டாவது ஆள். பெட்டியில் வந்தவன் இல்லை. விமானத்தின் பக்கவாட்டுக் கண்ணாடியைத் திறந்தபடி ஒட்டியிருக்கிறார். அந்த ஏழாவது ஆள் அதன் வழியாக இரண்டு கையையும் நீட்டிக் குனிந்திருக்கிறான். அவன் கையில் பாதி உடம்பு உள்ளேயும் பாதி உடம்பு வெளியேயும் கிடக்கிறான் இவன். தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருக்கிறது. ஒரு கால் மடங்கியிருக்கிறது. ஆரஞ்சு நிற பனியன் போட்டிருக்கிறான். சஜின் குளச்சலுக்குப் பஸ் ஏறும்போது எந்த பனியனைப் போட்டிருந்தான் என்று என்னிடம் யாரும் கேட்க வேண்டாம். அது இவன்தான் என்று எனக்கு யாரும் சொல்லவும் வேண்டாம். உன் தம்பிக்குத் தோள் கொஞ்சம் இடதுபக்கம் சாயுமே, அதையும் வைத்திருக்கிறார்.

என் பிள்ளையை ஒரு மாதத்துக்குப் பிறகு பார்த்தேன். விரலால் தொட்டேன், ஈரம் காயவில்லை, பனியன் வர்ணம் விரலில் ஒட்டிக்கொண்டது. துடைக்க மனசு இல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எல்லாம் முடிந்துவிட்டது. இறக்கையில் ஸ்டிக்கர்களைத் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டிவிட்டார். அடியில் ஒரு பலகை வைத்துக் கடலும் எழுதிவிட்டார். ஜான்ரோஸின் வள்ளத்தில் மண்ணெண்ணெய் கேன் ஏறிவிட்டது, குடிதண்ணீரும் ஏறிவிட்டது. பாக்கி அந்த எட்டாவது ஆளின் கண் மட்டும்தான்.

பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். தொடவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நீ பெத்தவளாக்கும், நீ சொல்லு பிலோமி, கண்ண திறந்து எழுதட்டா, மூடி எழுதட்டா என்று கேட்டார்.

திறந்து எழுது என்றால் நாளைக்கே வள்ளத்தைத் தள்ளிவிடுவார். அந்தத் தெற்கிலிருந்து அவரும் வரமாட்டார். மூடி எழுது என்றால் சாமியாரிடம் போய்ப் பூசைக்கு நாள் குறித்துவிடுவார், வீட்டில் இருப்பார், மாத்திரை போடுவார், பிழைத்துக்கொள்வார். சொல்லவேண்டியது எது என்று எனக்குத் தெரியாதா? இரண்டு எழுத்து, மூடு. வாயைத் திறந்தேன், வரவில்லை. பத்து மாதம் சுமந்தவள் வாயால் அதை எப்படிச் சொல்ல? நான் சொன்னால் அப்போதுதான் அவன் சாவான் என்று தோன்றியது. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்னவோ.

அதனால் ஒரு பொய் சொல்லிவிட்டேன். லிஜா வருகிறாள், அவள் நர்சாக்கும், எத்தனையோ பேரை அப்படியும் பார்த்திருக்கிறாள், இப்படியும் பார்த்திருக்கிறாள், அவள் வந்து சொல்லட்டும் என்று சொன்னேன். அவர் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சரி என்று பிரஷைக் கழுவி வைத்தார். நீ வருகிற வரைக்கும் எழுத மாட்டார். எழுதாத வரைக்கும் கடலுக்குப் போக மாட்டார். இவ்வளவுதான் என்னால் முடிந்தது.

ஆகவே மக்கா, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், லீவு தரமாட்டேன் என்றால் வேலையை விட்டுவிட்டு வா. போனில் எதையும் சொல்லிவிடாதே. திறக்கவும் சொல்லாதே, மூடவும் சொல்லாதே. நேரில் வா. வந்து அவர் பக்கத்தில் உட்கார். என்ன சொல்ல வேண்டுமோ நீயே யோசித்துக்கொள், நான் உனக்குச் சொல்லித்தர மாட்டேன். நீ எதைச் சொன்னாலும் உன்னை ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன் என்று மாதாமேல் ஆணையிடுகிறேன்.

டிக்கெட் எடுத்ததும் சபிதாவிடம் சொல்லிவிடு, அவள் தன் அம்மாவுக்குப் போன் செய்து எனக்குச் சொல்வாள். திருவனந்தபுரத்துக்கு ஜான்ரோஸ் வந்து நிற்பான். ஆண்டவர் உன்னை ஒரு குறையும் இல்லாமல் கொண்டுவந்து என் வாசலில் இறக்கட்டும்.

விமானம் கடலுக்கு மேலேதான் வரும் என்று சபிதா சொன்னாள். ஜன்னலோர இடம் கேட்டு வாங்கு. பகலில் வருகிற விமானமாகப் பார். தூங்கிவிடாதே, லிஜா. வழி முழுக்கக் கீழே பார்த்துக்கொண்டே வா.

உன் அம்மா,
பிலோமி.